தலைமாட்டில் ஒரு பெயர்ப்பலகை

சார், தப்பாக நினைக்காதீர்கள். ஜன்னல் பக்கம் நீங்கள் உட்கார்ந்துகொள்கிறீர்களா? காற்று எனக்கு வேண்டாம். வெளியிலிருந்து பார்த்தால் என் முகம் தெரியக்கூடாது, அவ்வளவுதான். நன்றி சார். அந்தப் பையையும் மடியில் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் கொஞ்சம் மறைவாக இருக்கும்.

இறங்கிப் பார்க்க வேண்டாம். பஸ் ஏன் நிற்கிறது என்று கண்டக்டரிடமும் கேட்க வேண்டாம். விபத்து இல்லை. மறியல். முன்னால் நிற்கிற லாரிக்கு அந்தப் பக்கம் மேளச் சத்தம் கேட்கிறதா? சாவு மேளம். பாடையை ரோட்டில் இறக்கி வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். செத்தவர் பெயர் கலியன். சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். நல்ல மனிதர். எனக்குத் தெரிந்தவர்தான்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? மெதுவாகப் பேசுங்கள் சார். பின் சீட்டில் இருப்பவர்கள் எந்த ஊர் என்று நமக்குத் தெரியாது.

நான் அந்தப் பல்கலைக்கழகத்தில் வேலை செய்கிறேன். வரும் வழியில் பெரிய நுழைவாயில் வளைவு பார்த்திருப்பீர்களே, அதுதான். பஸ் ஏறும்போது கழுத்தில் மாட்டியிருந்த அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டேன். பெயர் நடனசபாபதி. வணிகவியல் உதவிப் பேராசிரியர். இரண்டு வருஷமாகக் கூடுதல் பொறுப்பு ஒன்று. முன்னாள் மாணவர் மற்றும் சமூகத் தொடர்பு ஒருங்கிணைப்பாளர். நான் கேட்டு வாங்கியதில்லை. வேலை வருஷா வருஷம் நீட்டிக்கிற வேலை. என் பெண் அங்கேயே பாதிக் கட்டணத்தில் படிக்கிறாள். கொடுத்ததை வேண்டாம் என்று சொல்கிற இடத்தில் நான் இல்லை.

கேட்டால் நீங்களே நல்ல வேலை என்பீர்கள். இப்போது பல்கலைக்கழகம் என்றால் பாடம் நடத்தினால் மட்டும் போதாது சார். பக்கத்து ஊருக்கு என்ன செய்தாய், சுற்றுச்சூழலுக்கு என்ன செய்தாய், எல்லாரையும் சேர்த்துக்கொண்டாயா, பழைய மாணவர்களைக் கூப்பிட்டாயா என்று தரவரிசைக் குழு கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. நாலையும் ஒரே திட்டத்தில் முடிக்கிற மாதிரி ஒன்று போட்டோம். வேர்த் திட்டம் என்று பெயர். செங்கழனி ஏரிக்கரை ஓரம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த நிலத்தில் ஒரு காடு வளர்ப்பது. மரம் ஒவ்வொன்றும் ஒரு முன்னாள் மாணவர் பெயரில். ஊர் மக்கள் பராமரிப்பார்கள். டெல்லியில் இதற்கு ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள்.

மக்களைக் கேட்காமல் எதையும் செய்யவில்லை சார். இதைத்தான் அழுத்திச் சொல்கிறேன். அவர்களைக் கேட்டுத்தான் செய்தோம்.

கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். நாம் வரைபடம் கொண்டு போகக்கூடாது. மக்களே தரையில் கோலமாவிலும் கலர்ப்பொடியிலும் தங்கள் ஊரை வரைய வேண்டும். வரைவதை நாம் காகிதத்தில் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். நடுவில் வாயைத் திறக்கக்கூடாது. அதன்படிதான் செங்கழனி காலனியில், மாரியம்மன் கோவில் வாசலில், தண்ணீர் தெளித்து வரையச் சொன்னோம். ஒரு வெள்ளிக்கிழமை. கூட்டம் நன்றாக வந்தது. நிறைய பெண்கள். மாசமாக இருந்த ஒரு பெண்ணுக்கு நாற்காலி போட்டு முன்னால் உட்காரவைத்தோம். எல்லாரையும் சேர்த்துக்கொள்வது என்றால் அதுதானே?

வரைந்தது கலியன். பெயிண்டர் கை இல்லையா, கோடு ஒன்று தப்பவில்லை. கோவில், தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஏரி. ஏரிக்கு நீலப்பொடி தூவிக் கரைக்கு நாலு பனைமரம்கூடப் போட்டார். பக்கத்தில் நின்ற கிழவர்கள், "டேய், உன் மாமியார் வீட்டப் பெருசாப் போட்றாத, எடம் பத்தாது" என்று கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். கரைக்குக் கிழக்கே ஒரு இடத்தை மட்டும் வெறுமனே விட்டுவிட்டு எழுந்தார்.

"இங்க என்ன இருக்கு?" என்று கேட்டேன். கேட்டேன் சார். வாயைத் திறக்கக்கூடாது, ஆனாலும் கேட்டேன்.

பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தி அந்த மாசமாக இருந்த பெண்ணை எழுப்பி அந்தப் பக்கம் கூட்டிப்போனாள். கலியன் கையில் இருந்த பொடியைத் தட்டிக்கொண்டே, "அத வுடுங்க சார்" என்றார்.

காகிதத்தில் அந்த இடத்தில் 'காலி' என்று எழுதிக்கொண்டேன்.

இப்போது சொல்கிறார்கள், கோலமாவில் சுடுகாட்டை யாராவது வரைவார்களா என்று. கோவில் வாசலில், வெள்ளிக்கிழமையில், பிள்ளைத்தாய்ச்சி உட்கார்ந்திருக்கும்போது, அதை எப்படிப் போடுவது என்று. எனக்கு எப்படித் தெரியும்? பயிற்சியில் அது இல்லை. அவர்கள் வரைய மாட்டார்கள் என்றால் வாயாலாவது சொல்லியிருக்க வேண்டும் அல்லவா? எங்கள் மேல் மட்டும் தப்பா?

என்ன சத்தம் அது? பின் கதவா? யாரோ ஏறினார்களா பாருங்கள் சார். இறங்குகிறார்களா? சரி. சிறுநீர் கழிக்கப் போகிறார்கள் போல.

பஞ்சாயத்துத் தலைவரிடமும் கேட்டோம். அவர் ஊர்க்காரர், காலனி இல்லை. "பொறம்போக்குதான் சார், முள்ளுதான் கெடக்கு, தாராளமா எடுத்துக்குங்க" என்று தீர்மானம் போட்டுக் கொடுத்தார். ஊருக்குத் தனிச் சுடுகாடு இருக்கிறது. சிமெண்ட் கொட்டகை, கைபம்பு, தகன மேடை எல்லாம் உண்டு. அதைப் பார்த்தேன். ஒரு ஊருக்கு ஒரு சுடுகாடு இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜேசிபி வைத்து முள்ளை எடுத்தபோது காலனி ஜனம் எங்களுக்கு மாலை போட்டது சார். பொய் இல்லை, படம் இருக்கிறது. மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். வெயிலில் அவர்களும் முள்ளை இழுத்துப் போட்டார்கள். இதைவிட மக்கள் பங்களிப்பு என்ன வேண்டும் என்று ரிஜிஸ்ட்ரார் எங்கள் முதுகில் தட்டினார். அவர்கள் என்ன நினைத்தார்கள் தெரியுமா? காலேஜ்காரர்கள் சுடுகாட்டைச் சுத்தம் செய்து கொடுக்கிறார்கள் என்று.

ஜேசிபி ஓட்டியவன் ஒருநாள் கண்ணாடி வளையல் துண்டும் எதுவோ எலும்பு மாதிரியும் வருகிறது என்று வந்து நின்றான். பழைய காலத்து நாகரிகம் ஏதாவது இருந்து, தொல்லியல் துறைக்குத் தெரிந்தால் வேலை அப்படியே நின்றுவிடும். "மூடிட்டுப் பக்கத்துல தோண்டு" என்று சொல்லிவிட்டேன். அவன் தினமும் வண்டியை எடுக்கும் முன் கற்பூரம் கொளுத்தினான். ஜேசிபிக்குப் பூஜை என்று நினைத்தேன்.

அங்கே கல் கிடையாது, சிலுவை கிடையாது, ஒரு அடையாளமும் கிடையாது சார். மண்ணைக் குவிப்பார்கள். இரண்டு மழையில் அது உட்கார்ந்துவிடும். எது யார் இடம் என்று அவர்களுக்கு மட்டும் தெரியும்.

கன்று நட்டோம். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. நிழல் வரும் என்று சந்தோஷப்பட்டார்களாம். கன்றுக்குத் தண்ணீர் ஊற்றக் காலனியிலிருந்தே ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்தோம். அஞ்சலாட்சி. கலியனின் தங்கை. புருஷன் தவறி அதிக நாள் ஆகவில்லை. தானாக வந்து, "நான் ஊத்தறேன் சார்" என்று கேட்டாள். விதவை, காலனிப் பெண், சுற்றுச்சூழல் வேலை. எங்கள் அறிக்கையின் அட்டையில் அவள் படம்தான். சிரித்துக்கொண்டு குடத்தோடு நிற்பாள்.

அப்புறம் ஆடு மேய்கிறது என்று கம்பி வேலி போட்டோம். ஒரு கேட். கன்று ஒவ்வொன்றின் முன்னாலும் இரும்புப் பலகை. முன்னாள் மாணவர் பெயர், படித்த வருஷம், பிரிவு.

வேலி போட்டபோது கலியனும் நாலைந்து பேரும் அலுவலகத்துக்கு வந்தார்கள். கேட்டுக்குப் பூட்டு உண்டா என்று கேட்டார்கள். இப்போதைக்கு இல்லை என்றேன். "அது போதுங்க" என்று போய்விட்டார்கள். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம் இல்லையா? அதற்கப்புறம் நடுவில் இரண்டொரு தடவை ஓரமாக மண் கிளறிக் கிடந்தது. காட்டுப்பன்றி என்று குறித்துக்கொண்டோம்.

பூட்டு எப்படி வந்தது என்றால், அமெரிக்காவிலிருந்து வந்தது.

மாதம் ஒருமுறை மாணவர்கள் போய் ஒவ்வொரு மரத்தையும் பலகையோடு படம் எடுப்பார்கள். கம்ப்யூட்டர் அதை உரியவருக்கு அனுப்பிவிடும். நாங்கள் யாரும் பார்ப்பதில்லை. போன மாதம் சௌந்தரபாண்டியன் என்று ஒருவர், மெக்கானிக்கல் படித்தவர், டெக்சஸில் பெரிய வேலையில் இருக்கிறார், எனக்கு நேரடியாகப் போன் செய்தார். நான் வகுப்பில் இருந்தேன். அந்த ஆள் அழுகிறார் சார்.

"என்ன சார் செஞ்சு வச்சிருக்கீங்க என் பேருக்கு?"

படத்தைத் திறந்து பார்த்தேன். பலகையில் அவர் பெயர். பெயர் மேல் ரோஜா மாலை. கீழே வாழையிலை. முறுக்கு, கருவாட்டுக் குழம்பு, ஒரு கட்டு பீடி, ஒரு குவார்ட்டர் பாட்டில். எரிந்து முடிந்த கற்பூரம். உயிரோடு இருக்கிற மனிதரின் பெயருக்கு மாலை போட்டுப் படையல் வைத்து அவருக்கே படம் அனுப்பியிருக்கிறோம். அவர் மனைவி அவரைக் காரை எடுக்கவே விடவில்லையாம். சிவகாசியில் அவர் அம்மா மயங்கி விழுந்து டிரிப்ஸ் ஏற்றினார்களாம். செய்வினை என்று அங்கே ஒரு ஜோசியர் சொல்லிவிட்டார். டெக்சஸிலும் ஜோசியர் இருக்கிறார் சார்.

ஓடினேன். அஞ்சலாட்சி குழாயை இழுத்துக்கொண்டு நின்றாள். இலை இன்னும் அங்கேயே காய்ந்து கிடந்தது.

"யார் வச்சது இது?"

"நான்தான் சார். எங்க வூட்டுக்காரருக்குத் தெவசம்."

"உன் வீட்டுக்காரர் பேர் சௌந்தரபாண்டியனா?"

"இல்ல சார். பேரு வேற."

"அப்புறம் எதுக்கு இந்தப் பலகைக்கு மாலை போட்ட?"

"அது அவரு தலமாட்டுல நிக்குது சார். மாலயத் தரையில போட வேணாமேன்னு மாட்டுனேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை சார். குழாயை அடுத்த மரத்துக்கு மாற்றிக்கொண்டே சொன்னாள். நான் குனிந்து என் காலைப் பார்த்தேன். செருப்போடு நிற்கிறேன். எங்கே நிற்கிறேன்? நகர வேண்டும், எந்தப் பக்கம் நகர்வது? "இங்க இன்னும் யாராவது...?" என்று கேட்டேன். அவள் கையை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். "எங்க மாமியா அந்தாண்ட வேப்பங்கண்ணுக்குக் கீழ. எங்கப்பாரு கேட்டு கிட்ட. நீங்க மத்தியானம் சோறு துன்னுவீங்களே சார், அது என் பெரியவன். பொறந்து ஒரு வாரத்துல போயிட்டான்."

அன்று ராத்திரி எனக்குக் காய்ச்சல். என் மனைவி மசூதியில் ஓதிய கயிறு வாங்கி வந்து கட்டிவிட்டாள். இதோ பாருங்கள், இன்னும் கட்டியிருக்கிறேன். பேய்க்குப் பயப்படுகிறவன் இல்லை நான், எம்.பில். முடித்தவன். ஆனால் அந்த இடத்தில் சாப்பிட்டிருக்கிறேன் சார். டிபன் பாக்ஸைக் கழுவி அங்கேயே ஊற்றியிருக்கிறேன்.

ரிஜிஸ்ட்ராரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை.

"சுடுகாடா? நம்ம மேப்புல இருக்கா?"

"இல்ல சார்."

"அவங்களே வரஞ்ச மேப்புதானே?"

"ஆமா சார்."

"அப்ப இல்ல."

தரவரிசைக் குழு வந்து போகிற வரை கேட்டைப் பூட்டச் சொன்னார். சாவி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும், அது என்னிடம் இருக்க வேண்டும் என்றார். "என்ன நடந்தாலும் தெறக்கக் கூடாது. தெறந்தா ஒங்களுக்கு நீட்டிப்புக் கெடையாது. புரியுதா?" புரிந்தது. அஞ்சலாட்சியைச் சம்பளத்தோடு வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டோம். சம்பளத்தோடு சார். யார் கொடுப்பார்கள்?

இன்றைக்கு அந்தக் குழு வந்திருக்கிறது. இன்றைக்குப் பார்த்து விடியற்காலம் கலியன் மாரடைப்பில் போய்விட்டார்.

நான் ஏரிக்கரையில்தான் இருந்தேன். குழு வரும் முன் பலகைகளைத் துடைக்க வேண்டியிருந்தது. கேட்டைப் பூட்டிக்கொண்டு திரும்பினால் கரை மேல் பாடை வருகிறது. பெரிய கூட்டம் சார். கேட் முன்னால் இறக்கினார்கள். மேளம் நின்றது. கலியனின் மருமகன் தேவராசு, போலீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருக்கிற பையன், என் முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கட்டிக்கொண்டு சார். அதுதான் பயமாக இருந்தது.

"சார், சாவி குடுங்க. பள்ளம் எடுக்கணும்."

"ரிஜிஸ்ட்ரார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேம்பா."

"அவரு எங்க இருக்காரு?"

"மீட்டிங்குல."

"என்ன மீட்டிங்கு சார்?"

எனக்குப் பொய் வராது. "உங்களப் பத்தின மீட்டிங்குதான்" என்று சொல்லிவிட்டேன்.

பின்னாலிருந்து ஒரு கிழவி, "செத்தவனுக்கு மீட்டிங்கு முடியற வரைக்கும் பொறும இருக்கும்டா அய்யா. எங்களுக்குத்தான் இல்ல" என்றாள்.

சமாதானமாகப் போகட்டும் என்று நானே ஒரு யோசனை சொன்னேன். இன்றைக்கு ஒருநாள் மட்டும் ஊர்ச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகலாமே, அங்கே கொட்டகை, தண்ணீர் எல்லாம் இருக்கிறதே என்றேன். அவ்வளவு கூட்டமும் என்னைப் பார்த்தது. அப்புறம் சிரித்தார்கள் சார். சாவு வீட்டில், பிணத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சிரித்தார்கள். அஞ்சலாட்சி மட்டும் சிரிக்கவில்லை. தேவராசு, "சாருக்கு எந்த ஊரு?" என்று கேட்டான்.

பூட்டை உடைத்துக்கொண்டு போயிருக்கலாம் அவர்கள். சின்னப் பூட்டுதான். ஒரு கல்லால் ஒரு போடு போட்டால் போதும். அப்படி ஒருத்தன் கல்லை எடுக்கவும் செய்தான். தேவராசு அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "ஒடச்சா அத்துமீறல்னு கேஸ் போடுவாங்கடா. எனக்கு வேல போயிடும், உனக்கு ஜாமீன் கெடைக்காது. அவங்களே தெறக்கணும். சார் நல்லவரு. தெறப்பாரு."

சாவி என் பாக்கெட்டில் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். கை வைத்து எடுத்திருக்கலாம். யாரும் தொடவில்லை. நல்லவர் என்று சொல்லிவிட்டு நின்றார்கள்.

"இதோ கேட்டுட்டு வந்துடறேன்" என்று கரையில் இறங்கினேன். நடந்தேன். கண் மறைந்ததும் ஓடினேன். அலுவலகத்துக்குத்தான் ஓடினேன் சார், சத்தியமாக. வாசலில் போய் நின்றால், கண்ணாடிக்கு உள்ளே பெரிய திரையில் கலியன் இருக்கிறார். கோவில் வாசலில் உட்கார்ந்து ஏரிக்கு நீலப்பொடி தூவிக்கொண்டிருக்கிறார். 'சமூகமே வரைந்த வரைபடம்' என்று கீழே எழுதியிருக்கிறது. நான் எழுதியதுதான். குழுவில் ஒரு அம்மாள் எதையோ கேட்க, ரிஜிஸ்ட்ரார் சிரித்துப் பதில் சொல்கிறார். சுவரில் வரிசையாக, வீடியோவில், வெளிநாட்டில் இருக்கிற முன்னாள் மாணவர்கள், சின்னச் சின்னச் சதுரத்தில். அந்த நேரத்தில் உள்ளே போய், சார், இந்தத் திரையில் இருக்கிறவர் கேட் வாசலில் படுத்திருக்கிறார் என்று எப்படிச் சொல்வது? நீங்கள் சொல்லியிருப்பீர்களா? கதவில் கையை வைத்தேன். எடுத்துவிட்டேன். பின் வாசல் வழியாக வெளியே வந்து, நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டேன். டவுனுக்குப் போய் மச்சான் வீட்டில் சாயங்காலம் வரை இருந்துவிட்டு வரலாம் என்று. அதற்குள் எப்படியாவது முடிந்துவிடும் என்று. அவர்கள் கரையை விட்டு ரோட்டுக்கு வருவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? தப்பித்து வந்து அவர்கள் எதிரிலேயே வந்து நிற்கிறேன்.

போன் அடிக்கிறது. பாருங்கள், ரிஜிஸ்ட்ரார். எடுக்கவில்லை. எடுத்தால் எங்கே இருக்கிறாய் என்பார்.

சார். சார், யாரோ ஏறுகிறார்கள். முன் கதவில். உங்கள் பேப்பரைக் கொஞ்சம் கொடுங்கள். விரித்துப் பிடித்துக்கொள்கிறேன். யார்? பெண்களா? கையில் என்ன? குடமா? தண்ணீரா கொடுக்கிறார்கள்? மறியல் செய்கிறவர்கள் பஸ்ஸுக்குத் தண்ணீர் கொடுப்பார்களா? அதில் முன்னால் வருவது யார், பச்சைச் சேலையா? ஐயோ. அவள்தான் சார். அஞ்சலாட்சி. தூங்குகிற மாதிரி இருக்கிறேன், நீங்கள் ஒன்றும் பேசாதீர்கள்.

வேண்டாம்மா. தாகம் இல்லை.

ஆமாம். நான்தான். மெதுவாகப் பேசு அஞ்சலாட்சி. கேட்டிருக்கிறேன். ரிஜிஸ்ட்ராரிடம் கேட்டிருக்கிறேன். வந்துவிடும். இந்த சாருக்குக் கொடு. குழந்தைக்குக் கொடு, அந்த சீட்டில் அழுகிறது பார்.

போய்விட்டாளா? திரும்பிப் பார்க்கிறாளா? பார்க்கவில்லையா? பின் கதவில் இறங்கிவிட்டாளா? கீழே நிற்கிற ஆண்களிடம் ஏதாவது சொல்கிறாளா பாருங்கள். நன்றாகப் பாருங்கள் சார். இல்லையா? அடுத்த பஸ்ஸுக்குப் போகிறாளா?

காதோடு என்ன சொன்னாள் என்று உங்களுக்குக் கேட்டதா? "அண்ணன் மூஞ்சி மாறிக்கினு வருது சார். வெயிலு. ஐஸ் பொட்டிக்காரன் ரோட்டுல கரண்டுக்கு எங்க போவேங்கறான்." அவ்வளவுதான். சாவி கேட்கவில்லை. திட்டவில்லை. "நீங்க இங்க இருக்கறத நான் யாருகிட்டயும் சொல்லல, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தம்ளரை நீட்டினாள். அவளை நாங்கள் நன்றாக வைத்திருந்தோம் சார், அந்த நன்றி இருக்கிறது. இரண்டு வருஷம் எங்களோடு பழகியதில் எவ்வளவு பக்குவம் வந்திருக்கிறது பாருங்கள்.

இந்தாருங்கள், உங்கள் பேப்பர்.

என்ன சார்? ஏன் கையை நீட்டுகிறீர்கள்?

விளையாடாதீர்கள். நீங்கள் யார் என்றே எனக்குத் தெரியாது. கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றீர்கள், நம்பி எல்லாவற்றையும் சொன்னேன். உங்களுக்கு எதற்கு இந்த வம்பு? வெளியூர் ஆள். இல்லை சார். முடியாது. கையை மடக்குங்கள், யாராவது பார்த்தால் என்னவென்று கேட்பார்கள்.

என் வேலை சார். என் பெண் இறுதி வருஷம்.

இப்படி ஒன்றும் சொல்லாமல் நீட்டிக்கொண்டே இருந்தால் எப்படி? வாயைத் திறந்து ஏதாவது சொல்லுங்களேன்.

சரி. கீழே வையுங்கள் கையை. சீட்டுக்குக் கீழே. இதில் பெரியதுதான் கேட் சாவி. சின்னது என் வீட்டுச் சாவி. இருங்கள், வளையத்திலிருந்து கழற்ற வரவில்லை. இந்தாருங்கள். பச்சைச் சேலை, கையில் குடம், அவளிடம் மட்டும் கொடுங்கள். நான் கொடுத்தேன் என்று சொல்லாதீர்கள். பஸ்ஸில் கிடந்தது என்று சொல்லுங்கள். அவள் நம்ப மாட்டாள். பரவாயில்லை, ரிஜிஸ்ட்ரார் நம்பினால் போதும்.

ஜன்னலை மூடிவிட்டுப் போங்கள் சார். வெளியே எல்லாரும் எழுந்திருப்பதை நான் பார்க்க வேண்டாம்.